மனை விற்றவரிடமிருந்து ரோடும் நடைபாதையும் பெறுவது எப்படி? கடலூர்ப் பக்கத்து மனைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் மனைப்பிரிவுக்குள் பள்ளிக்கூட வேன் வராது. மெயின் ரோட்டு ஓரத்திலேயே நிறுத்தி ஹாரன் அடிப்பார் டிரைவர். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஷூவையும் சாக்ஸையும் பாலித்தீன் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி, கணுக்கால் புதையும் செம்மண் சேற்றில் நடந்து போவோம். வேன் படியில் உட்கார வைத்து, பாட்டில் தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, ஷூ மாட்டி அனுப்புவோம். இரண்டு மழைக்காலம் இப்படியே போனது. மனை வாங்கும்போது கொடுத்த வண்ணத் தாளில் '30 அடி தார் சாலை, இருபுறமும் வடிகால், தெருவிளக்கு, பூங்கா' என்று அச்சடித்திருந்தது. அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. பிற்பாடு எங்கள் கோப்பில் முதல் பக்கமாக அதுதான் போய் உட்கார்ந்தது.

மனை போட்டு விற்ற ப்ரோமோட்டரிடம் கேட்டால், "ரோட்டை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்தாச்சுங்க, இனிமே அவங்கதான் போடணும்" என்றார். ஊராட்சி அலுவலகத்தில் போய் நின்றால், "எழுதிக் கொடுத்தது வெறும் மண்ணுதான் சார். ரோடா போட்டுக் கொடுத்தாங்க?" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ரோட்டுக்கான நிலத்தைக் கொடுப்பது ஒன்று, அந்த நிலத்தில் ரோடு போட்டுக் கொடுப்பது வேறொன்று. தமிழ்நாட்டில் முதலாவது அநேகமாக நடந்துவிடுகிறது, ஏனென்றால் அது நடக்காமல் அப்ரூவல் கிடைக்காது. இரண்டாவதைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த நேரத்தில் கேட்டால் நடக்கும் என்பதை எங்கள் அனுபவத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கையில் எந்தப் பிடி இருக்கிறது?

மனை விற்பவர் தெருவும் போட்டுத் தர வேண்டும் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விளைநிலத்தையோ தரிசையோ வீட்டுமனையாக விற்கிற உரிமையாளர், அந்த மனைகளுக்குப் போய்வரத் தெரு அமைத்து, அதை ஏற்கெனவே உள்ள தெருவோடு இணைத்துத் தர வேண்டும் என்று அதிலேயே இருந்தது. இன்றைக்கு நமக்குப் பயன்படுபவை மூன்று.

ஒன்று, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன்கீழ் வந்த 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும். மனைப்பிரிவில் ரோடு எத்தனை அகலம், பூங்காவுக்கு எவ்வளவு, எதையெல்லாம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் அடங்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியுள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடமாகவும் விடலாம், அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். இந்த 10 சதவீத விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் சென்னை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரண்டு, ரெரா என்று எல்லாரும் சொல்கிற 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் 'உள் வளர்ச்சிப் பணிகள்' என்பதற்குப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் ரோடு, நடைபாதை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்கா, மரம் நடுதல், தெருவிளக்கு என்று வரிசையாகப் போகிறது. ரோட்டுக்கு அடுத்த சொல்லே நடைபாதைதான். நான் இதை முதல்முறை படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன். நம் ஊர் மனைப்பிரிவு எதிலாவது நடைபாதையைப் பார்த்திருக்கிறீர்களா?

மூன்று, அப்ரூவல் ஆணையில் உள்ள நிபந்தனைகள். இது பற்றிக் கீழே பல படிகளில் வருகிறது, ஏனென்றால் இதை யாருமே படிப்பதில்லை.

படி 1: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அப்ரூவல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும். நகர் ஊரமைப்புத் துறை, பேச்சில் டி.டி.சி.பி., முதலில் சாலைகள் எப்படிப் போகின்றன என்று காட்டும் வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிறது. ப்ரோமோட்டர் அந்தச் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் எண் போட்ட இறுதி வரைபடம் வரும். அதை வைத்து ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி இறுதி அனுமதி ஆணை வழங்கும்.

ஆகவே வரைபடத்தின் ஜெராக்ஸைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். இந்த நான்கையும் கேளுங்கள்: டி.டி.சி.பி. எண் உள்ள இறுதி வரைபடம், உள்ளாட்சியின் இறுதி அனுமதி ஆணை (நிபந்தனைப் பக்கங்களோடு), தானப் பத்திரத்தின் நகல், ரெரா பதிவு எண். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால், பணிகளை எந்தத் தேதிக்குள் முடிப்பதாக ப்ரோமோட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது கிடைக்கும். அந்தத் தேதியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தானப் பத்திரம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் அல்லது ஆணையர் பெயருக்குத் தானம் என்று ஒரு பதிவு வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த ரோடு இன்னும் தனியார் நிலம். நாளைக்கு யாராவது அதையும் மனையாக வெட்டி விற்றால் தடுப்பது பெரும்பாடு.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று மட்டும் சொல்லி விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம். ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் உள்ள வரைபடம் இன்று எதற்கும் உதவாது.

படி 2: மழை நாளில் போய்ப் பாருங்கள்

இதைத்தான் எல்லாரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன். மனையைச் சித்திரையில் பார்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் பாருங்கள். கடலூர் தாழ்ந்த பூமி. பெண்ணையாறு, கெடிலம், உப்பனாறு, பரவனாறு எல்லாம் இங்கே வந்துதான் கடலைச் சேர்கின்றன. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் மாவட்டம் மிதந்ததைப் பார்த்தோம். 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்ததையும் பார்த்தோம். இந்த ஊரில் ரோடு என்றால் பாதி வடிகால்தான். வடிகால் இல்லாமல் போடுகிற தார் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

எனவே தெருவின் அகலத்தைக் கேட்பதற்கு முன்னால், "இந்த வடிகால் எங்கே போய் விழுகிறது?" என்று கேளுங்கள். எங்கள் மனைப்பிரிவில் அரை கிலோமீட்டருக்கு வடிகால் கட்டியிருந்தார்கள், பார்க்க அழகாக. அதன் கடைசி நுனிக்கு நடந்து போனபோதுதான் அது மதில் சுவரில் முட்டி நிற்பது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல். அவர் தன் நிலத்தில் தண்ணீரை விடமாட்டேன் என்றார், அது அவருக்கு நியாயம். வடிகால் வாய்க்காலிலோ ஓடையிலோ போய்ச் சேர வேண்டும். மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்றில், இடத்தை எவ்வளவு உயரத்துக்கு மண் அடித்து உயர்த்த வேண்டும், உள்ளே ஓடும் வாய்க்காலை எப்படிக் காக்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்பது நிபந்தனையாக வரும். அதன் நகலையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே யோசிக்கத் தொடங்குங்கள்.

கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். ஒரு தெரு 9 மீட்டர் என்று வரைபடத்தில் இருந்தால், கல் முதல் கல் வரை 9 மீட்டர், அதாவது 29.5 அடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தெரு முக்குகளில் வண்டி திரும்புவதற்காக மூலையைக் கோணலாக வெட்டி விட்டிருப்பார்கள். வரைபடத்தில் அது இருக்கும், தரையில் மூலை மனைக்காரர் அதற்கும் சேர்த்து வேலி போட்டிருப்பார். ஆம்புலன்ஸ் திரும்பும்போதுதான் அந்தச் சின்ன மூலையின் அருமை தெரியும்.

படி 3: ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டியது

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவு. மனை விஷயத்தில் பலரும் ஒப்பந்தமே போடாமல் நேராகக் கிரயத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். ஒப்பந்தத்தில் 'அனைத்து வசதிகளும் செய்து தரப்படும்' என்ற ஒற்றை வரி இருந்தால் அது ஒன்றும் இல்லாததற்குச் சமம். அளவோடு எழுதச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். 9 மீட்டர் தெருவை எப்படிப் பங்கிடலாம்? நடுவில் வண்டி போக 5.5 மீட்டர் தார் அல்லது சிமென்ட் சாலை. ஒரு பக்கம் 1.8 மீட்டர் நடைபாதை, அதற்கு அடியிலேயே மூடிய வடிகால். மறுபக்கம் மீதி 1.7 மீட்டரில் மின்கம்பம், மரம், குடிநீர்க் குழாய். 1.8 மீட்டர் என்பது நான் மனதில் தோன்றிச் சொன்ன கணக்கு அல்ல. இந்தியச் சாலைக் குழுமம் 2012இல் வெளியிட்ட நடைபயணிகளுக்கான வழிகாட்டுதலில், தடை எதுவுமில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், தரையிலிருந்து உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றிருக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து போகும் அகலம் அது. 12 மீட்டர் தெருவாக இருந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக நடைபாதை வைக்கலாம்.

"மனைப்பிரிவில் எதுக்கு சார் நடைபாதை?" என்று எங்களைக் கேட்டார்கள். இன்றைக்குப் பத்து வீடு, பத்து வருடத்தில் இருநூறு வீடு. காலையில் பால் வாங்கப் போகும் பெரியவர்கள், சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள், கார், தண்ணி லாரி எல்லாரும் அதே தெருவில்தான். வீடுகள் கட்டி, ஒவ்வொருவரும் வாசலில் சாய்வுப் பாதையைத் தெருவுக்குள் இறக்கிவிட்ட பிறகு நடைபாதை போடவே முடியாது. மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பழைய தெருக்களில் நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். காலியாக இருக்கும்போது போட்டால்தான் உண்டு. நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

படி 4: வேலை நடக்கும்போது கூட நில்லுங்கள்

ரோடு போட ஜல்லி இறங்கிவிட்டால் பாதி சண்டை தீர்ந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூன்று சோதனைகளை நாமே செய்யலாம். இன்ஜினியர் படிப்புத் தேவையில்லை.

தார் ஊற்றுவதற்கு முன்பு, ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி தோண்டுங்கள். கிராவல் எத்தனை அங்குலம், அதன்மேல் ஜல்லி எத்தனை அங்குலம் என்று டேப் வைத்துப் பார்த்துப் படம் எடுங்கள். ஒப்பந்தத்திலோ மதிப்பீட்டிலோ சொன்ன கனம் இருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது தெருவில் தோண்டியபோது, ஜல்லி ஒரு கைவிரல் நீளம்கூட இல்லை, அடியில் நேரே களிமண். டேப் தெரியும்படி எடுத்த அந்த ஒரு படம் பின்னால் பத்து மனுவின் வேலையைச் செய்தது.

அடுத்து, தெருவின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நூல் கட்டுங்கள். தண்ணீர் இரு பக்கமும் ஓடத் தெருவின் நடு உயர்ந்திருக்க வேண்டும். 5.5 மீட்டர் தார் சாலைக்கு நடுவில் சுமார் 7 சென்டிமீட்டர் ஏற்றம் இருந்தால் சரி. நூல் நடுவில் தரையைத் தொடாமல் தொங்கினால் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும்.

மூன்றாவது வடிகால். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை, அதாவது டியூப் லெவலை வாங்கி, வடிகாலின் தொடக்கத்திலும் கடைசியிலும் அடிமட்டத்தைப் பாருங்கள். கடைசி முனை தாழ்ந்திருக்க வேண்டும். இது சிரிப்பான சோதனையாகத் தோன்றலாம். ஆனால் கடைசி முனை ஏறியிருக்கும் வடிகால்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படி 5: சங்கமாகச் சேருங்கள்

தனி ஆளாகப் போனால் 'பார்ப்போம்' என்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கம் பதியலாம். மனை வாங்குபவர்களில் பாதிக்கு மேல் முன்பதிவு செய்ததும் மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய ப்ரோமோட்டரே வழி செய்ய வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 11ஆம் பிரிவும் சொல்கிறது. வெளிநாட்டிலும் நெய்வேலியிலும் சென்னையிலும் இருந்துகொண்டு முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிக் குடியிருப்பவர்களைவிட அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் இருப்பார்கள், அவர்கள் கையெழுத்துக்கும் அதே எடைதான்.

ஒன்று கவனம். "ரோடு போடுறேன், மனைக்கு இவ்வளவு கொடுங்க" என்று ப்ரோமோட்டர் மறுபடி வசூல் செய்ய வருவார். ரோட்டுச் செலவு மனை விலையிலேயே அடங்கியது. அவசரத்தில் கொடுத்துவிட்டால், ரோடு தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்று நீங்களே ஒத்துக்கொண்டதுபோல ஆகிவிடும்.

படி 6: உள்ளாட்சியை உங்கள் பக்கம் நிறுத்துங்கள்

ஊராட்சியும் மாநகராட்சியும் நம் எதிரி அல்ல. ரோடு போடாமல் கொடுத்த மண்ணை வாங்கிக்கொண்டு, அதற்குத் தம் நிதியிலிருந்து செலவு செய்ய வேண்டிய நிலையில் அவர்களும்தான் சிக்கியிருக்கிறார்கள். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் வயல்கள் மனையாகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு மனைப்பிரிவும் ரோடில்லாமல் வந்து விழுந்தால் எந்த உள்ளாட்சி தாங்கும்?

இதைப் படிக்கிறவர்களில் வார்டு உறுப்பினரோ ஊராட்சித் தலைவரோ இருந்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறுதி அனுமதி உங்கள் அலுவலகத்திலிருந்துதான் போகிறது. கையெழுத்து ஆகும்வரை உங்களுக்கு இருக்கிற பலம், கையெழுத்துக்குப் பிறகு நூறு நோட்டீஸ் அனுப்பினாலும் வராது. தெரு வாரியாகப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்குங்கள். ப்ரோமோட்டரே போடுவதென்றால் கனம், அகலம், வடிகால் சேருமிடம், நடைபாதை, விளக்குக் கம்பங்களின் எண்ணிக்கை, முடிக்க வேண்டிய தேதி அத்தனையும் நிபந்தனையில் எழுதுங்கள். உள்ளாட்சியே போடுவதென்றால் மதிப்பீட்டுத் தொகையை முழுதாகக் கட்டச் சொல்லுங்கள். கட்டிய தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்தத் தெருவுக்கானது என்பது பதிவேட்டில் இருக்கட்டும். தெலங்கானாவில் வேலை முடியும்வரை மனைகளில் ஒரு பங்கை அடமானமாகப் பிடித்து வைக்கிறார்கள். அது நம் ஊருக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

மனைக்காரர்கள் செய்ய வேண்டியது: கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 'இன்ன மனைப்பிரிவில் அனுமதி ஆணையின் இன்ன நிபந்தனைப்படி சாலையும் வடிகாலும் அமைக்கப்படவில்லை. ப்ரோமோட்டருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்' என்று தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தகவல் உரிமை மனு, எப்படி எழுதினால் பதில் வரும்

கையில் ஆவணம் இல்லாதவர்களுக்கு இதுதான் திறவுகோல். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஊராட்சி அல்லது மாநகராட்சிக்கு ஒன்று, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று என இரண்டு மனுவாகப் போடுவது நல்லது.

'ஏன் ரோடு போடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது. 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இன்ன சர்வே எண்ணில் உள்ள மனைப்பிரிவுக்கு வழங்கிய இறுதி அனுமதி ஆணையின் நகலை, நிபந்தனைகளுடன் தருக. சாலை, வடிகால், தெருவிளக்குப் பணிக்காக மனைப்பிரிவு உரிமையாளர் செலுத்திய தொகை, தேதி, ரசீது எண் தருக. அத்தொகையிலிருந்து இதுவரை செலவிட்ட விவரம் தருக. தானப் பத்திர எண்ணும் தேதியும் தருக. அச்சாலைகளை உள்ளாட்சிச் சாலைப் பதிவேட்டில் சேர்த்த பக்கத்தின் நகல் தருக." 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

அதே தகவல் உரிமைச் சட்டத்தில், அரசு அலுவலகம் செய்யும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளாட்சியே ரோடு போடும்போது இதைப் பயன்படுத்துங்கள்.

எங்களுக்கு வந்த பதிலில், சாலைப் பணிக்காக ப்ரோமோட்டர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்பதும், தானே அமைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதும் இருந்தன. அந்த உறுதிமொழியின் நகலைப் பார்த்த அன்றைக்கு, எங்கள் சங்கத்தில் வயதில் மூத்த அக்கா ஒருவர், "இத முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா" என்றார். கேட்டிருக்கலாம்.

படி 8: ரெராவில் புகார்

இதற்கு முன் ப்ரோமோட்டருக்கு, கிடைத்ததற்குச் சான்று வரும்படி தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மனை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள், வேலையின் தரத்திலோ தர வேண்டிய வசதியிலோ குறை இருப்பதாகச் சொன்னால், 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. உங்கள் கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஐந்து ஆண்டு எப்போது முடிகிறது என்பதைக் காலண்டரில் எழுதி வைக்காமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

30 நாள் கழித்துப் புகார். தமிழ்நாட்டில் இரண்டு படிவம் உண்டு. வேலையைச் செய்து தர உத்தரவு வேண்டுமானால் 'எம்' படிவம், ரெரா ஆணையத்துக்கு. நஷ்ட ஈடு வேண்டுமானால் 'என்' படிவம், தீர்ப்பு வழங்கும் அலுவலருக்கு. இரண்டையும் கலந்து ஒரே மனுவில் எழுதினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். சங்கத்தின் பெயரிலேயே புகார் கொடுக்கலாம், 31ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம்.

புகாரின் உயிர் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அங்கே 'ரோடு போட உத்தரவிட வேண்டும்' என்று எழுதினால், நாலு லோடு கிராவல் கொட்டிவிட்டு 'போட்டாச்சு' என்று வந்து நிற்பார்கள். தெருப் பெயர், நீளம், அகலம், கனம், வடிகால் சேருமிடம், நடைபாதை அகலம், விளக்குகளின் எண்ணிக்கை, முடிக்கும் தேதி எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். வண்ண விளம்பரத் தாளையும் இணையுங்கள். விளம்பரத்தில் சொன்னதை நம்பி வாங்கியவருக்கு 12ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. மனைப்பிரிவு ரெராவில் பதிவே ஆகவில்லை என்றால், அதையும் புகாரில் சொல்லுங்கள். அதற்குத் திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு. உத்தரவு வந்த பிறகும் செய்யாவிட்டால் நாள் கணக்கில் அபராதம் ஏறும்.

வாங்குவோரிடம் பெற்ற பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானச் செலவுக்கும் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. 'பணமில்லை' என்று ப்ரோமோட்டர் சொன்னால் அந்தக் கணக்கைப் பற்றிக் கேளுங்கள்.

நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. வசதி செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பது சேவைதான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பழைய மனைப்பிரிவில் இருப்பவர்களுக்கு

2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளுக்காக 2017இல் வரன்முறை விதிகள், அதாவது கட்டணம் கட்டி அங்கீகாரம் பெறும் விதிகள் வந்தன. அவற்றில் பலவற்றில் ப்ரோமோட்டர் எங்கே என்றே தெரியாது, சிலர் உயிரோடும் இல்லை. அங்கே இருப்பவர்கள் ரெரா பக்கம் அலைய வேண்டாம். வரன்முறைக்காக எல்லாரும் கட்டிய வளர்ச்சிக் கட்டணம் எவ்வளவு, அது உங்கள் தெருவுக்கு வந்ததா என்று தகவல் உரிமையில் கேளுங்கள். தெருக்கள் உள்ளாட்சி பெயரில் இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள், தனியார் நிலத்தில் அரசுப் பணம் செலவழிக்க முடியாது. பிறகு நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. நியாயப்படி நீங்கள் கட்டக் கூடாத பணம்தான் அது. ஆனால் இன்னொரு பத்து மழைக்காலம் சேற்றில் நிற்பதைவிட மேல்.

ஒப்படைக்கும் நாள்

வேலை முடிந்தது என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். உள்ளாட்சிப் பொறியாளர், ப்ரோமோட்டரின் ஆள், சங்கத்தார் மூவரும் சேர்ந்து ஒவ்வொரு தெருவாக நடக்க வேண்டும். நடக்கும்போதே குறைகளைத் தெரு வாரியாக ஒரே தாளில் எழுதி, மூவரும் கையெழுத்திடுங்கள். வடிகாலின் கடைசி முனைவரை கட்டாயம் போங்கள். நடைபாதையில் மின்கம்பம் நடுவில் நிற்கிறதா, மூடிப் பலகை ஆடுகிறதா என்று காலை வைத்துப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பலகையில் கால் வைத்ததும் ஒரு முனை எழும்பியது. பள்ளிப் பிள்ளையின் கால் உள்ளே போகும் இடைவெளி. அதை மட்டும் தனியாகப் படமெடுத்துத் தாளோடு இணைத்தோம், ஒரு வாரத்தில் மாற்றினார்கள்.

அந்தச் சுற்றை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். குறைகளைத் திருத்த மழைக்கு முன் ஒரு மாதமாவது கிடைக்கும். மழை தொடங்கிய முதல் வாரத்தில் குடையோடு இன்னொரு முறை அதே தாளை எடுத்துக்கொண்டு நடங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அந்த வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு, மறுநாளே 14ஆம் பிரிவின்கீழ் அடுத்த கடிதத்தை அனுப்புங்கள். எங்கள் இரண்டாவது தெருக் கடைசியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. மணிலாக் கொல்லையைச் சுற்றி ஓடைவரை வடிகாலை இழுக்க நீர்வளத் துறைக்குக் கொடுத்த மனுவின் எண்ணைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.